தவமணி போட்ட பூஜ்யம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீசில் கம்பைலரைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்ததும் நான் செய்த முதல் காரியம், வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வரியை எழுதி அதனிடம் கொடுத்ததுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய வரி. எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். அது வாயே திறக்கவில்லை. பக்கத்து மேசைப் பெண், "என்னக்கா, கண்ணு செவந்திருக்கு?" என்று கேட்டாள். ஏர்கோன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன். இந்த வரியைப் பார்த்து முணுமுணுப்பதைக் கம்பைலர்கள் எப்போதோ நிறுத்திவிட்டன; எனக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுகிறேன். ஆறிய புண்ணைச் சொறிகிற புத்திதான், வேறென்ன.

உங்களுக்கு இது விளங்க வேண்டுமென்றால் என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், கொஞ்சம்தான். என் சித்தி இன்றுவரை கல்யாண வீடுகளில் என்னைக் "கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற பொண்ணு" என்றுதான் அறிமுகப்படுத்துகிறாள். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. பெண்ணும் இல்லை, ரிப்பேரும் இல்லை. சி என்ற மொழியில் இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதுகிறேன். நான் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். பல விவரங்களை ஒன்றாகச் சேர்த்து வைக்க அந்த மொழியில் ஒரு வசதி உண்டு. ஆஸ்பத்திரியில் நிரப்பச் சொல்லித் தருகிறார்களே ஒரு பாரம், அது மாதிரி வரிசையாகக் கட்டங்கள். பாரத்தை உண்டாக்கும்போதே ஒரே ஒரு கட்டத்தையாவது நீங்கள் நிரப்பிவிட்டால், மீதிக் கட்டங்களில் எல்லாம் கம்பைலர் தானாகப் பூஜ்யம் போட்டுவிடும். வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் பாரத்தை ஒன்றையுமே நிரப்பாமல் உண்டாக்கினால், அது எதையும் தொடாது. அந்த இடத்தில் முன்னால் யார் எதை வைத்துவிட்டுப் போனார்களோ அதுவே கிடக்கும். அவ்வளவுதான் பாடம். காலேஜில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். ஆனால் எனக்கு அது உறைத்தது ஒரு செருப்பைப் பார்த்தபோதுதான்.

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடியில் நானும் தவமணியும் சேர்ந்து ஓர் அறை எடுத்தோம். இருவரும் பாயான் லெப்பாஸில் ஒரே பேக்டரியில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் கூலிம் ஊர்க்காரி, பஸ்ஸைத் தவிர எதில் ஏறினாலும் சாமி கும்பிடுகிற ரகம். அவள் பைராம் தோட்டத்துப் பெண். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் சைக்கிளை எடுத்தாளென்றால் கடல் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போய்விடுவாள். திங்கட்கிழமை காலையில் ஹெல்மெட்டோடு நேராக பேக்டரி வாசலில் நிற்பாள். அறைச் சாவியை வாங்கித் திறந்த அன்று தேங்காய் எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. முன்னால் இருந்தவள் பாதி பாட்டில் எண்ணெயையும், பழைய சாமி படக் காலண்டரையும், கட்டிலுக்கு அடியில் இடது கால் செருப்பு ஒன்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தாள். வீட்டுக்கார அம்மாள் பெருக்கக்கூட இல்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். தவமணி விளக்குமாற்றுக் குச்சியில் அந்தச் செருப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தியாடி, இதான் இனிஷியலைஸ் பண்ணாத மெமரி. சாவி நம்ம கையில, செருப்பு எவளோடதோ!"

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போனது. இன்றும் கூட்டமான பஸ்ஸில் யார் தலையிலிருந்தாவது தேங்காய் எண்ணெய் மணந்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பிறகுதான் மற்றதெல்லாம்.

அந்த அறையில்தான் டின் கதையும் தொடங்கியது. முதல் தீபாவளிக்கு அவள் அம்மா ஒரு நீல நிற பிஸ்கட் டின் நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினார். நான் தின்று தீர்த்துவிட்டு, பொறுப்பாகக் கழுவி, டின்னைத் திருப்பிக் கொடுத்தேன். தவமணிக்கு முகம் மாறிவிட்டது. "ஏய், வெறும் டின்னையா குடுப்பாங்க? ஒங்கம்மா ஒண்ணும் சொல்லித் தரலியா? ஒரு பிடி சீனியாச்சும் போட்டுக் குடுடி!" என் அம்மா சொல்லித்தான் தந்திருந்தார். எனக்குத்தான் சோம்பல். சமையல்கட்டுக்குப் போய் ஒரு பிடி சீனி போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"கோட் எழுதறதும் இப்பிடித்தான் லா. வெறுமையா விடாத. ஒரே ஒரு பூஜ்யம் போடு, மிச்சத்தயெல்லாம் அவன் போட்டுருவான்."

அவன் என்றால் கம்பைலர். அவள் எழுதிய எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தப் பூஜ்யம் இருக்கும். பாரத்தின் பெயர், சமக்குறி, இரண்டு நெளிவு அடைப்பு, நடுவில் அது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல ஒரு வரிகூடத் தப்பாது. அந்தப் பூஜ்யத்தை நான்தான் ஒருநாள் அழித்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேக்டரியில் குளிர்பதனப் பெட்டிகளுக்கான மின்பலகைகள் செய்தார்கள். ஈயம் உருகும் வாடை சட்டையில் ஏறி வீடுவரை வரும். ஒவ்வொரு பலகையையும் சூடாக்கிச் சோதிக்கிற இயந்திரத்துக்குத்தான் நாங்கள் இருவரும் எழுதினோம். பலகைக்கு ஒரு பாரம்: அதன் எண், எந்த மேடை, எத்தனை தடவை தோற்றது, இப்படிக் கட்டங்கள். கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. அதில் பூஜ்யம் இருந்தால் சூடாக்கிச் சோதிக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் சோதிக்காமல் தாண்டிப் போகலாம். எங்கள் மேனேஜருக்கு ஒரு பிடிவாதம். வெள்ளிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தயாரிக்கும்போது ஓர் எச்சரிக்கைகூட வரக்கூடாது. அந்தக் காலத்துக் கம்பைலரோ தவமணியின் பூஜ்யத்தைப் பார்த்தால் முணுமுணுக்கும், மற்றக் கட்டங்களை நிரப்பவில்லையே என்று. மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்ளத் தெரியும் அதற்கு. இருந்தாலும் சொல்லிக்காட்டும். சில மாமியார்கள் இல்லையா?

தவமணி தன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் போயிருந்த வெள்ளிக்கிழமை அது. எச்சரிக்கைகளையெல்லாம் நீக்கச் சொல்லி மேனேஜர் என்னிடம் கொடுத்தார். ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தேன். அவளுடைய பக்கத்தில் அந்த வரி வந்தது. சமக்குறியையும் அடைப்பையும் பூஜ்யத்தையும் அழித்தேன். வேண்டிய கட்டங்களைத்தான் அவளே கீழே ஒவ்வொன்றாக நிரப்பியிருக்கிறாளே என்று நினைத்தேன். கடைசிக் கட்டத்தை அவள் நிரப்பாமல் விட்டதே அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. எச்சரிக்கை போய்விட்டது. பத்திரமாக இருந்தவரை முணுமுணுத்த கம்பைலர், நான் ஆபத்தாக்கியதும் வாயை மூடிக்கொண்டது. பக்கத்தின் தலையில் யார், எதை, எதற்காக மாற்றினார்கள் என்று எழுத ஒரு பட்டியல் உண்டு. நாலைந்து எழுத்துக்கு எதற்குப் பெயர் என்று நான் எழுதவில்லை. மேலே தவமணியின் பெயர் மட்டும் இருந்தது.

சில மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த இடத்தில் முன்னால் இருந்ததும் தற்செயலாகப் பூஜ்யமாகவே இருந்திருக்கிறது. பிறகு யாரோ வேறொரு மூலையில் எதையோ புதிதாகச் சேர்த்தார்கள். அது தன் செருப்பை அங்கே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தது. கடைசிக் கட்டத்தில் குப்பை ஏறியது. பலகைகள் சூடே காணாமல் தாண்டித் தாண்டிப் போயின. வாங்கியவர்களிடமிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தபோதுதான் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

கூட்டம் போட்டார்கள். மேனேஜர் திரையில் அந்தப் பக்கத்தைக் காட்டினார். மேலே தவமணியின் பெயர், கீழே மொட்டையாக நின்ற அந்த வரி. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் இதற்கு ஆரம்ப மதிப்புத் தரவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார். தவமணி எழுந்து நின்று திரையையே பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கம் குனிந்து, "எப்பவும் போடுவேனேடி... எப்பிடி விட்டேன்?" என்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்றும் எனக்கு என் கையை வெட்டிப் போட வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் இருவருக்கும் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. எனக்குக் கடிதம் வந்தது. அவளுக்குத் தற்காலிகத்தை நீட்டினார்கள். பழைய பிரதிகளைத் தேடிப் பார்த்திருந்தால் அவள் போட்ட பூஜ்யம் எங்காவது கிடைத்திருக்கும். அவளுக்கு அது தோன்றவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று நம்பிவிட்டவள் எதைத் தேடுவாள்? எனக்குத் தோன்றியது. தோன்றாத மாதிரி இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், கடிதம் கைக்கு வரட்டும், அவள் கொஞ்சம் தெளியட்டும் என்று நாளைத் தள்ளினேன். தள்ளத் தள்ளச் சொல்வது கனத்துக்கொண்டே போனது.

இதில் கொடுமை, என் வேலை நிரந்தரமானதைக் கொண்டாட என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை. அந்தக் கடைக்கு முன்னால் நின்றாலே மசாலா வாடையில் பாதிப் பசி தீர்ந்துவிடும். தவமணி எப்போதும், "அண்ணே, பஞ்சீர்!" என்று குரல் கொடுப்பாள், எல்லாக் குழம்பையும் கலந்து சோறு முங்க முங்க ஊற்றச் சொல்லி. அன்றைக்குக் குரல் எழும்பவில்லை. நான் சொன்னேன். அவள் நாலு வாய் தின்றுவிட்டு, தன் தட்டிலிருந்த அவித்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். "நீ தின்னுடி, ஒனக்குத்தானே இன்னிக்கி விசேஷம்." தின்றேன். ஆமாம், அந்த முட்டையையும் தின்றேன்.

அதற்கப்புறம் அவளால் எழுத முடியவில்லை. எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். முடிந்துவிட்டது என்று கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்குவாள். மூன்றே மாதத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். அறையைக் காலி செய்த அன்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து பெருக்கிவிட்டு, "என் கண்ண என்னாலயே நம்ப முடியலடி. நம்பாத கண்ண வச்சிக்கிட்டு இந்த வேலைய எப்பிடிப் பாக்கறது?" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மோட்டார் சத்தம் கீழே தேய்ந்து போகும்வரை ஜன்னலில் நின்றிருந்தேன்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சேகரன் அண்ணன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், நல்ல மனுஷர். தவமணி நிபோங் திபால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் எடுத்து நடத்தினாள். நான் இரண்டு கம்பெனி மாறி, பெரிய நாற்காலிக்கு வந்து, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆரம்ப மதிப்பின் அவசியம் பற்றி வகுப்பெடுக்கிறேன். சிரிக்காதீர்கள். டின் மட்டும் நிற்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கோடு வரும். பொங்கலுக்கு நான் ஏதாவது நிரப்பி எடுத்துக்கொண்டு போவேன். நீல நிறம் உரிந்து தகரம் தெரிய ஆரம்பித்த பிறகும் அதே டின்தான்.

போன வருஷம் பொங்கல் கழிந்து, டின் நிறைய தவ்சார் பியா வாங்கிக்கொண்டு போனேன். பினாங்கு பிஸ்கட் என்றால் அவளுக்கு உயிர். மத்தியானம் கேண்டீனைப் பூட்டிவிட்டு, என்னை ரயிலடியில் விட மோட்டாரில் ஏற்றிக்கொண்டாள். பாதி வழியில் வண்டியைத் திருப்பினாள். "கேஸ மூடினேனான்னு பாத்துட்டு வந்துர்றேன்." மூடித்தான் இருந்தது. திரும்பக் கிளம்பினோம். தோட்டத்துச் சந்திப்பு வந்ததும் மறுபடி திருப்பினாள். மறுபடியும் மூடித்தான் இருந்தது. மூன்றாவது தடவை அதே சந்திப்பில் வண்டியை நிறுத்தி, கால் ஊன்றிப் பின்னால் பார்த்தாள். முன்பும் அவள் இப்படித் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஜாக்கிரதையானவள் என்று நினைத்துக்கொள்வேன்.

"ரெண்டு தடவ பாத்தாச்சுல்ல தவம்? ரயில் போயிரும்."

"பாத்தேன்தான். மூடிட்டேன்னுதான் தோணுது." கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசினாள். "அன்னிக்கும் போட்டேன்னுதான தோணுச்சு? சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தா பண்ணியிருப்பேன். கடைசில பாத்தா போடல. அதுலேர்ந்து எனக்கு எதுதான் நிச்சயம், சொல்லு? உள்ள பிள்ளைங்க இருக்கிற எடம்லா."

நான் அவளுடைய வேலையைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். முகத்துக்கு நேரே சொல்ல அப்போதும் தைரியம் இல்லை.

"தவம், நீ போட்டிருந்த. நான்தான் எடுத்தேன்."

"எத?"

"அந்தப் பூஜ்யத்த. ஒன் தங்கச்சி கல்யாணத்துக்கு நீ லீவுல இருந்தப்ப. வார்னிங் வருதுன்னு அழிச்சேன். பேர எழுதல."

அவள் இன்ஜினை அணைத்தாள். ஒரு குலை லோரி எங்களைத் தாண்டிப் போனது. புழுதி அடங்கியதும் கேட்டாள்.

"மீட்டிங்ல என் பக்கத்துலதான ஒக்காந்திருந்த?"

"ஆமா."

"தண்ணி ஊத்திக் குடுத்த."

"ஆமா."

"அப்பவே தெரியுமா ஒனக்கு?"

தெரியும் என்றேன். அழுதேன். அவள் அழவில்லை. "இருபத்தோரு வருஷமாடி..." என்றாள், என்னிடம் இல்லை, ஹேண்டிலிடம் சொல்வது போல. ஒரு வார்த்தை. அந்தக் கூட்டத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமெல்லாம் தானாகச் சரியாகியிருக்கும். திட்டியிருப்பார்கள், என் கடிதம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் விட்டதால் என் குப்பை முழுக்க அவளுக்குள் கிடந்திருக்கிறது.

அவள் வண்டியைக் கிளப்பி என்னை ரயிலடியில் விட்டாள். திரும்பிப் பார்க்க கேண்டீனுக்குப் போகவில்லை, நேராக ரயிலடிக்குத்தான் வந்தாள். ரயில் போய்விட்டிருந்தது. எப்போதும், "சேந்ததும் மெசேஜ் போடுடி" என்பாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ரயில் வரும்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நான் அனுப்பிய செய்திகளுக்கு நீல டிக் மட்டும் விழுந்தது. பிறகு அதுவும் விழவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் சேகரன் அண்ணன் லோரி சாமான் வாங்க ஜார்ஜ்டவுன் வந்தவர், என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நீல டின். உள்ளே வரச் சொன்னேன், நேரமில்லை என்றார்.

"தவம் குடுத்துட்டு வரச் சொன்னிச்சு, தங்கச்சி. உள்ள ஒண்ணும் இல்ல. ஒரு பிடி சீனியாச்சும் போடுன்னு நான்கூடச் சொன்னேன், வேணாம்னிடுச்சு. ஒங்களுக்குள்ள என்னான்னு தெரியல, நானும் கேக்கல." வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கொஞ்சம் நின்றார். "ஆனா ஒண்ணு. நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து கேஸ ஒரே தடவதான் பாக்குது. மூடுது, பூட்டுது, வந்துருது. என் மவனோட பழைய கம்ப்யூட்டர எடுத்து வச்சிக்கிட்டு என்னமோ தட்டிக்கிட்டு வேற இருக்கு."

அந்த பேக்டரி இப்போது ஏதோ சாமான் கிடங்கு. ஈயம் உருகும் வாடை போய் அட்டைப்பெட்டி வாடை வருகிறது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு வண்ணம் மாற்றிவிட்டார்கள்; எங்கள் ஜன்னல் எது என்று கீழே நின்று எண்ணிப் பார்த்தேன், பிடிபடவில்லை. எந்த முணுமுணுப்பை நிறுத்துவதற்காக அந்தப் பூஜ்யத்தை அழித்தேனோ, அந்த முணுமுணுப்பே இன்றைய கம்பைலரில் இல்லை. தவமணியின் வரியை அது பேசாமல் ஏற்றுக்கொள்கிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது போல.

டின்னைத் திறந்து பார்த்தேன். கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து அனுப்பியிருக்கிறாள். மூடியின் விளிம்பில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஒரு சீனி மணி இல்லை. அவள் இப்போது ஒரே தடவைதான் பார்க்கிறாள், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை. இந்தப் பொங்கலும் கழிந்துவிட்டது. டின் என் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. அதில் எதைப் போட்டு அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. தவமணியிடம்தான் கேட்க வேண்டும். அவள் போனை எடுப்பதில்லை.